சோம்பேறிக் கண் என்ற பெயர் பொருந்தாது

என் இடது கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. விளையாட்டாக வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தபோது, எண்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு எது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் நின்றன. அதை வீட்டில் சொன்ன பிறகுதான் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார்கள். மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி நெடுநேரம் பார்த்தார். லென்ஸ் தெளிவாக இருக்கிறது, விழித்திரை நன்றாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது, இடது கண்ணுக்கு மட்டும் பிளஸ் பவர் அதிகம் என்றார். சரியான கண்ணாடியை மாட்டியும் மூன்றாவது வரிக்குக் கீழே என்னால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. "இது சோம்பேறிக் கண்" என்று அவர் என் அம்மாவிடம் விளக்கியது இன்றும் காதில் இருக்கிறது.

குறையற்ற கண் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. பல ஆண்டுகளாக நரம்பியல் நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் படித்து வருவதற்கு அதுவே தொடக்கம். என் கண் ஒருநாளும் சோம்பியிருக்கவில்லை, மூளைக்குள் இடம்பிடிக்கும் போட்டியில் அது தோற்றுப்போனது என்பதுதான் நான் கண்டடைந்த விடை. அந்தப் போட்டி எங்கே, எப்போது, எந்த விதிகளின்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால் பாலூட்டிகளின் மூளையில் பார்வைக்கான வலைப்பின்னல் உருவாகும் கதையைப் பிறப்புக்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் தரும் சேதி சில இடைநிலைச் செல்களைக் கடந்து கேங்கிலியான் செல்களை வந்தடைகிறது. இந்தச் செல்களிலிருந்து புறப்படும் ஆக்ஸான் என்னும் நீண்ட இழைகளின் கட்டுதான் பார்வை நரம்பு. மனிதனில் ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான இழைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மூளையின் நடுவே உள்ள தாலமஸில், எல்.ஜி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் இடைநிலையத்தில் போய் முடிகின்றன. அங்கிருந்து புதிய இழைகள் புறப்பட்டு, புறணி எனப்படும் மூளையின் மேலுறையில் பின்மண்டைப் பக்கம் உள்ள முதன்மைப் பார்வைப் புறணிக்குச் செல்கின்றன. பாதை இவ்வளவுதான், வியப்பு அதன் ஒழுங்கில் இருக்கிறது. விழித்திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் செல்கள் எல்.ஜி.என்.னிலும் புறணியிலும் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கே சேதி அனுப்புகின்றன. வலக்கண்ணின் இழைகளும் இடக்கண்ணின் இழைகளும் எல்.ஜி.என்.னில் கலக்காமல் தனித்தனி அடுக்குகளில் அமர்கின்றன. மனிதனிலும் குரங்கிலும் அத்தகைய அடுக்குகள் ஆறு. மனித மரபணுத் தொகுதியில் புரதத்தைக் குறிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி முகவரி எழுதிக் கொடுக்க வழியே இல்லை என்பது விளங்கும்.

ஆனாலும் தோராயமான முகவரி ஒன்று உண்டு. ரோஜர் ஸ்பெர்ரி 1940களில் தவளை, வாலுள்ள நியூட் போன்ற நீர்நில உயிரினங்களில் பார்வை நரம்பை வெட்டிக் கண்ணை 180 பாகை திருப்பி வைத்தார். அவற்றின் நரம்பு மீண்டும் வளரக்கூடியது. வளர்ந்த பிறகு பார்வையும் திரும்பியது, ஆனால் தலைகீழாகத் திரும்பியது; மேலே இரையைக் காட்டினால் விலங்கு கீழே பாய்ந்தது, எத்தனை முறை ஏமாந்தாலும் அது திருந்தவில்லை. இழைகள் அனுபவத்தைக் கேட்டு இடம் தேடவில்லை, தங்கள் பழைய இடத்தையே வேதியியல் அடையாளத்தால் கண்டுபிடித்துச் சென்றன என்று ஸ்பெர்ரி முடிவு செய்து, 1963இல் அதை ஒரு முழுமையான கருதுகோளாக முன்வைத்தார். அந்த அடையாளப் பொருள்கள் கையில் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1995இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஃபிரீட்ரிஷ் போன்ஹோஃபரின் குழுவும், ஹார்வர்டில் ஜான் ஃபிளானகனின் குழுவும் இன்று எஃப்ரின் என்று அழைக்கப்படும் புரதங்களை இந்தப் பணியில் அடையாளம் கண்டன. சுண்டெலியின் நடுமூளையில் இலக்குப் பகுதியின் முன்பக்கத்தில் எஃப்ரின் குறைவாகவும் பின்பக்கத்தில் அதிகமாகவும் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகிறது; விழித்திரையில் காதுப் பக்கத்துச் செல்களில் அதை உணரும் ஏற்பிகள் அதிகமாகவும் மூக்குப் பக்கத்துச் செல்களில் குறைவாகவும் இருக்கின்றன. ஏற்பி அதிகமுள்ள இழை எஃப்ரின் நெடியைத் தாங்க முடியாமல் முன்பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஏற்பி குறைந்த இழை பின்பக்கம் வரை போய்விடுகிறது. இரண்டு சரிவுகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதாலேயே ஒரு வரைபடம் தானாக விரிகிறது. இந்தச் சிக்கனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

வழியில் ஒரு சந்தி இருக்கிறது. இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் கூடும் அந்த இடத்தில், ஒவ்வோர் இழையும் எதிர்ப்பக்கத்துக்குக் கடப்பதா அதே பக்கத்தில் தங்குவதா என்று முடிவெடுக்கிறது. கண்கள் பக்கவாட்டில் அமைந்த சுண்டெலியில் கிட்டத்தட்ட எல்லா இழைகளும் கடந்துவிடுகின்றன, நூறில் சிலவே தங்குகின்றன; கண்கள் முன்னோக்கி அமைந்த நமக்கு ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் கடக்காமல் அதே பக்கம் தங்குகின்றன. மெலனின் நிறமி குறைந்த பிறவிகளில், அதாவது அல்பினிசம் என்னும் பிறவி நிறமிக் குறைபாடு உள்ள மனிதர்களிலும் சயாமீஸ் பூனைகளிலும், தங்க வேண்டிய இழைகளில் பல தவறாகக் கடந்துவிடுகின்றன. தோலின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு பொருளின் குறைவு மூளைக்குள் இழைகளின் பாதையை மாற்றிவிடுகிறது என்பது முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியாததாக இருந்தது.

இழைகள் பயணத்தில் இருக்கும் அதே காலத்தில் அவை சேர வேண்டிய புறணியும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. நரம்புச் செல்கள் மூளையின் உட்குழியை ஒட்டிய பகுதியில் பிறந்து, ஏணிபோல் நீண்டிருக்கும் துணைச் செல்களைப் பற்றிக்கொண்டு வெளிநோக்கி ஏறுகின்றன. முதலில் பிறந்தவை உள்ளடுக்குகளில் தங்க, பின்னர் பிறந்தவை அவற்றைத் தாண்டி வெளியடுக்குகளுக்குப் போகின்றன. குரங்கின் பார்வைப் புறணியில் இந்த வரிசையை 1974இல் பாஸ்கோ ராகிச் தெளிவாகக் காட்டினார். தாலமஸிலிருந்து வரும் இழைகள் புறணிக்குள் உடனே நுழைவதில்லை. அதன் அடித்தளத்தில் தற்காலிகமாகக் குடியிருக்கும் செல்களோடு இணைந்து காத்திருக்கின்றன. 1990இல் கார்லா ஷாட்ஸின் குழு பூனைக் கருவில் அந்தத் தற்காலிகச் செல்களை அகற்றிப் பார்த்தபோது, தாலமஸ் இழைகள் பார்வைப் புறணிக்குள் நுழையாமல் அதன் அடியிலேயே கடந்து சென்றன. வளர்ந்த மூளையில் அந்தச் செல்களில் பெரும்பாலானவை இருப்பதில்லை; வழிகாட்டிவிட்டு மறைந்துபோகின்றன.

இதுவரை சொன்னவை வேதிப்பொருள்கள் போடும் கோட்டுப் படம். அதில் இழைகள் ஏறத்தாழ சரியான ஊருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, ஆனால் தெருவும் கதவு எண்ணும் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. பூனை, கீரி போலிருக்கும் ஃபெரட் முதலிய விலங்குகளின் எல்.ஜி.என்.னில் தொடக்கத்தில் இரு கண்களின் இழைகளும் ஒரே இடத்தில் பின்னிக் கிடப்பதைக் காணலாம். பிறகு அவை பிரிகின்றன. வியப்பு என்னவென்றால், பூனையில் இந்தப் பிரிவினை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஃபெரட்டில் அது பிறந்த பிறகு, ஆனால் கண் திறப்பதற்கு வெகு முன்பே நடக்கிறது. ஒளியே படாத கண்கள் எதை வைத்துக்கொண்டு எல்லை பிரிக்கின்றன?

1988இல் இந்தக் கேள்விக்கு இரண்டு திசைகளிலிருந்து வெளிச்சம் வந்தது. ஷாட்ஸும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும் பேத்தை மீனில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சைப் பூனைக் கருவின் மூளையில் செலுத்தி நரம்புத் துடிப்புகளை, அதாவது செல்கள் அனுப்பும் மின் சேதிகளை, நிறுத்தினார்கள்; இழைகள் பிரியவில்லை. அதே ஆண்டு லூசியா கல்லியும் லம்பர்டோ மஃபேயும் பிறவாத எலியின் விழித்திரைச் செல்கள் தாமாகவே துடிப்பதைப் பதிவு செய்தார்கள். ஆக, இருட்டிலும் ஏதோ பேச்சு நடக்கிறது, அந்தப் பேச்சு இல்லாவிட்டால் எல்லை பிரிவதில்லை.

அந்தப் பேச்சின் வடிவத்தை நேரில் காட்டியது 1991ஆம் ஆண்டு ஆய்வு. மார்க்கஸ் மைஸ்டர், ரேச்சல் வாங், டெனிஸ் பேலர், கார்லா ஷாட்ஸ் ஆகிய நால்வரும் இளம் ஃபெரட்டின் விழித்திரையை எடுத்து, 61 மின்முனைகள் பதித்த தட்டின் மேல் விரித்து வைத்து, பல செல்களின் துடிப்புகளை ஒரே நேரத்தில் கேட்டார்கள். அரங்கம் நிறைந்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம்பாட்டுக்குப் பேசுவது போன்ற இரைச்சலை அவர்கள் கேட்கவில்லை. ஒரு மூலையில் சில செல்கள் வெடிக்கின்றன, அடுத்த நொடி பக்கத்துச் செல்கள், அதற்கடுத்த நொடி அவற்றின் பக்கத்துச் செல்கள் என்று, விளைந்த வயலின் மேல் காற்று ஓடுவதைப் போல அந்தத் துடிப்பு விழித்திரையில் மெல்ல நகர்ந்து செல்கிறது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். அலை ஓய்ந்ததும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ முழு அமைதி. பிறகு வேறோர் இடத்திலிருந்து, வேறொரு திசையில், அடுத்த அலை. நட்சத்திர வடிவில் கிளைவிடும் அமக்ரைன் என்ற ஒருவகை விழித்திரைச் செல்கள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் இந்தக் கட்டத்தில் அலையைக் கடத்துகிறது என்று 1996இல் தெரியவந்தது.

இந்த அலைகளை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் வலைப்பின்னல் தன்னைத் தானே திருத்திக்கொள்வதற்குத் தேவையான அத்தனை தகவலும் இதற்குள் இருக்கிறது. எல்.ஜி.என்.னில் இருக்கும் ஒரு செல்லின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். அதன் மேல் இரு கண்களிலிருந்தும் பற்பல இழைகள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த இழை எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. எது எப்போது துடிக்கிறது என்பது மட்டுமே தெரியும். அலை ஓடும்போது விழித்திரையில் அருகருகே உள்ள செல்கள் ஒரே கணத்தில் துடிக்கின்றன, தொலைவில் உள்ளவை சில நொடிகள் கழித்துத் துடிக்கின்றன. எனவே ஒரே நேரத்தில் வரும் துடிப்பு என்றால் அவை அண்டை வீட்டுக்காரர்கள் என்று பொருள். இடத்தைப் பற்றிய செய்தி காலமாக மொழிபெயர்க்கப்பட்டுவிடுகிறது. வலக்கண்ணின் அலைக்கும் இடக்கண்ணின் அலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒவ்வோர் அலைக்கும் நடுவே இவ்வளவு நீண்ட அமைதி இருப்பதால் இரண்டும் தற்செயலாக ஒன்றாக எழுவது அரிது. ஆகவே, ஒரு நேரத்தில் ஒரு கண்ணின் குரல்தான் கேட்கும். உடன் துடிக்கும் இணைப்புகள் வலுப்பெறும் என்று டொனால்ட் ஹெப் 1949இல் சொன்ன விதியை இதன் மேல் வைத்தால், ஒரே கண்ணின், ஒரே பகுதியின் இழைகள் ஒன்றையொன்று தாங்கி நிலைபெறுவதும், சேராத இழைகள் தளர்ந்து விலகுவதும் தாமாக நடக்கும்.

இது வெறும் அழகான விளக்கமாக நின்றுவிடவில்லை. 1998இல் ஷாட்ஸின் ஆய்வகத்தில் ஃபெரட்டின் ஒரு கண்ணில் மட்டும் அலைகளைத் தடுத்தபோது அந்தக் கண்ணின் இழைகள் எல்.ஜி.என்.னில் இடம் இழந்தன, அலை ஓடிய கண் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2012இல் மைக்கேல் கிரேரின் குழு ஒளியால் தூண்டக்கூடிய புரதத்தைச் சுண்டெலியின் விழித்திரைச் செல்களில் வைத்து, இரு கண்களையும் ஒரே கணத்தில் துடிக்கச் செய்தது, பிரிவினை குலைந்தது. கண்களை மாற்றி மாற்றித் துடிக்கச் செய்தபோது அப்படிக் குலையவில்லை. துடிப்பின் அளவைவிட அதன் நேரம்தான் பாடம் நடத்துகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டு அதே குழு, உயிருள்ள சுண்டெலிக் குட்டியின் நடுமூளையிலும் பார்வைப் புறணியிலும் இந்த அலைகள் ஓடுவதை நேரடியாகப் படம் பிடித்தது. குறைமாதத்தில் பிறந்த மனிதக் குழந்தைகளின் பின்மண்டையில் எடுக்கப்படும் ஈ.ஈ.ஜி. பதிவுகளிலும், விட்டு விட்டு வெடிக்கும் இதையொத்த தன்னியல்புத் துடிப்புகள் தெரிகின்றன.

2021இல் வெளியான ஒரு முடிவு என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது. சுண்டெலி பிறந்து ஏறத்தாழ எட்டாம் நாள் முதல் பதினொன்றாம் நாள் வரை, அதாவது கண் திறப்பதற்குச் சற்று முன்பு, அலைகள் எல்லாத் திசையிலும் சமமாக ஓடுவதில்லை; குறிப்பிட்ட ஒரு திசையை அவை நாடுகின்றன. அந்தத் திசை, விலங்கு முன்னோக்கி நடக்கும்போது உலகம் அதன் விழித்திரையில் நகரும் திசை. இன்னும் ஓரடிகூடப் பார்த்து நடக்காத ஒரு குட்டி, நடக்கும்போது காணப்போகும் காட்சியின் ஓட்டத்தை மூடிய இமைக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது. அலையின் திசையைக் குலைத்தபோது, கண் திறந்த பின் அசைவின் திசையைப் பிரித்தறியும் நடுமூளைச் செல்களின் திறனும் குறைந்தது.

வலுப்பது ஒரு பக்கம் என்றால் அறுபடுவது மறுபக்கம். மனிதக் கருவின் பார்வை நரம்பில் நான்காம் மாத வாக்கில் ஏறத்தாழ 37 லட்சம் இழைகள் இருக்கின்றன. ஏழாம் மாதத்துக்குள் அது 11 லட்சம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழைகள் குழந்தை பிறப்பதற்கு முன்பே போய்விடுகின்றன. எஞ்சிய இழைகளின் முனைகளிலும் கழித்தல் தொடர்கிறது: சுண்டெலியின் எல்.ஜி.என். செல் ஒன்று கண் திறக்கும் சமயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விழித்திரைச் செல்களிடமிருந்து மெல்லிய சேதிகளைப் பெறுகிறது. சில வாரங்களில் ஒன்று முதல் மூன்று வலுவான இணைப்புகளே அதை இயக்குபவையாக எஞ்சுகின்றன என்று 2000ஆம் ஆண்டு அளவீடுகள் காட்டின. தளர்ந்த இணைப்புகளை யார் அப்புறப்படுத்துகிறார்கள் என்பதற்கு 2007இல் பெத் ஸ்டீவன்ஸும் பென் பாரெஸும் எதிர்பாராத பதில் தந்தார்கள். நோய்க்கிருமிகளுக்குக் குறியிடும் சி1க்யூ, சி3 என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களே வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளின் கழிப்பிலும் பங்கேற்கின்றன. மைக்ரோக்ளியா என்ற செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. மனிதனின் பார்வைப் புறணியில் சினாப்ஸ் எனப்படும் செல் இணைப்புகளின் அடர்த்தி பிறந்த எட்டாம் மாத வாக்கில் உச்சம் தொட்டு, பதினொரு வயதுக்குள் நூற்றுக்கு நாற்பது குறைகிறது என்பது பீட்டர் ஹுட்டன்லாக்கர் 1982இல் எண்ணிக் காட்டியது.

புறணியின் உள்ளே, வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும் உரிய செல்கள் மாறி மாறிப் பட்டைகளாக அமைந்திருக்கின்றன. பார்த்த அனுபவம்தான் இந்தப் பட்டைகளை வெட்டி உருவாக்குகிறது என்று ஒரு காலத்தில் பெரும்பாலோர் எண்ணினார்கள். 1996இல் ஜோனதன் ஹார்டனும் டேவிட் ஹாக்கிங்கும் அறுவை மூலம் நாளுக்கு முன்பே பிறக்கவைத்து இருட்டில் வைத்த குரங்குக் குட்டிகளில் இந்தப் பட்டைகள் ஏற்கெனவே தெளிவாக இருப்பதைக் கண்டார்கள். ஆக, அடிப்படைப் பட்டை பார்வை இல்லாமலே அமைந்துவிடுகிறது. ஆனால் இதை வைத்து எல்லாம் பிறவியிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மிருகாங்கா சுரின் குழு ஃபெரட் குட்டியில் விழித்திரை இழைகளைச் செவிப்புலனுக்கான தாலமஸ் பகுதிக்குத் திருப்பிவிட்டது. ஒலிக்கென அமைந்த புறணி, கோடுகளின் சாய்வைப் பிரித்தறியும் செல்களை வரைபடம் போல் தனக்குள் அமைத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் அதைப் பார்வைப் புறணியோடு ஒப்பிட்டார்கள். முழுதும் ஒன்றாக இல்லை, ஆனால் சாயல் தெளிவாக இருந்தது. புறணி எதுவாக ஆக வேண்டும் என்பதில் அதற்குள் வந்து சேரும் துடிப்புகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

இனிதான் கண் திறக்கிறது, என் கதையும் இங்கேதான் வருகிறது. டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் 1963இல் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையை முதல் மூன்று மாதங்கள் மூடி வைத்தார்கள். பிறகு திறந்து பார்த்தபோது விழித்திரை நன்றாக இருந்தது, எல்.ஜி.என். செல்கள் சிறுத்திருந்தாலும் வேலை செய்தன, ஆனால் புறணியில் கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே மறுமொழி தந்தன. வளர்ந்த பூனையில் அதே அளவு காலம் மூடி வைத்தபோது எந்த மாற்றமும் இல்லை. பின்னர் அவர்கள் செய்த ஆய்வில், பிறந்து நான்காவது ஐந்தாவது வாரங்களில் மூன்று நான்கு நாள் மூடினாலே, இரு கண்களுக்கும் பதில் தரும் செல்கள் வெகுவாகக் குறைந்தன. இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது 1965இல் அவர்கள் செய்த சோதனை: இரண்டு கண்களையும் மூடினால் இரு மடங்கு கேடு வர வேண்டுமல்லவா? வரவில்லை. பல செல்கள் இரு கண்களுக்கும் பதில் தந்துகொண்டிருந்தன. மூடியிருப்பது மட்டுமே கேடு என்றால் இது நடந்திருக்காது. பக்கத்தில் இன்னொரு கண் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மங்கலாகப் பார்ப்பதுதான் கேடு. தெளிவான கண்ணின் இழைகள் செல்லைத் துடிக்க வைத்து வலுக்கின்றன. மங்கலான கண்ணின் இழைகள் அந்தத் துடிப்போடு சேராமல் தளர்ந்து, இடத்தை விட்டுக்கொடுக்கின்றன. ஹூபலும் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே பரிசின் மற்றொரு பாதி, மூளையின் இரு பாதிகளைப் பற்றிய ஆய்வுக்காக ஸ்பெர்ரிக்குப் போனது.

என் இடது கண்ணுக்கு நடந்தது இதுவே. பவர் வேறுபாட்டால் அது எந்நேரமும் மங்கலான படத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும், விழித்திருந்த ஒவ்வொரு நொடியும், அது அனுப்பத் தவறவில்லை. மாறுகண் உள்ள குழந்தைகளில் இரு கண்களும் வெவ்வேறு இடத்தைப் பார்ப்பதால் துடிப்புகள் பொருந்தாமல் போகின்றன. பிறவிக் கண்புரையில் ஒரு கண்ணுக்குள் வடிவமே நுழைவதில்லை. காரணங்கள் வேறு, போட்டி ஒன்று. நூறில் இரண்டொருவருக்கு இப்படித் தோற்ற கண் இருக்கிறது. ஒரு குழந்தையின் முன்னால் அந்தக் கண்ணைச் சோம்பேறி என்று அழைப்பதை நான் இன்றும் ஏற்க மறுக்கிறேன்; ஒன்பது வயதில் நான் அதை என்னுடைய குற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

பார்வை செய்யும் வேலை இடம் காப்பதோடு முடிவதில்லை. கண் திறந்த உடனேயே சுண்டெலியின் புறணிச் செல்கள் சாய்கோடுகளைப் பிரித்தறிகின்றன, ஆனால் ஒரே சாய்வை விரும்பும் செல்கள் தங்களுக்குள் இணைந்து குழுவாவது அதற்குப் பிந்தைய நாள்களில்தான் என்று 2013இல் தாமஸ் மர்சிக்-ஃப்ளோகலின் குழு காட்டியது. ஒரே செல் வலக்கண் வழியாக ஒரு சாய்வையும் இடக்கண் வழியாக வேறொரு சாய்வையும் விரும்பத் தொடங்கி, இரு கண்களாலும் பார்க்கப் பார்க்க இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. மனிதக் குழந்தையில் ஆழத்தை உணரும் இருகண் பார்வை ஏறத்தாழ நான்காம் மாதத்தில் தோன்றுவதற்கும் இத்தகைய பொருத்தம் தேவை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியை இங்கே எல்லோரும் நினைப்பார்கள். மூளை எளிதில் வளைந்துகொடுக்கும் அந்த இளமைக் காலத்தின் கதவு வயதானதால் துருப்பிடித்துத் தானாக மூடுவதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1998இல் தகாவோ ஹென்ஷும் உடன் பணியாற்றியோரும் நரம்புத் துடிப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் குறைந்த சுண்டெலிகளில் இந்த நெகிழ்வுக் காலம் தொடங்கவே இல்லை என்று கண்டார்கள். அடக்கத்தைக் கூட்டும் டயசெபாம் மருந்தைக் கொடுத்ததும் அது திறந்தது. இருட்டில் வளர்க்கப்பட்ட விலங்குகளில் அது தள்ளிப்போகிறது. பிறகு அடக்கும் செல்களைச் சுற்றி ஒரு சர்க்கரைப் புரத வலை இறுகி இணைப்புகளை நிலைப்படுத்துகிறது. 2002இல் வளர்ந்த எலிகளில் அந்த வலையை ஒரு நொதியால் கரைத்தபோது நெகிழ்வு ஓரளவு திரும்பியது. மூளை தன் சுற்றுகளைத் தேவையான நேரத்தில் திறந்து, தேவையான நேரத்தில் தாழிடுகிறது. பார்த்துப் பழகிய உலகம் நாளுக்கு நாள் மாறிவிடாமல் இருக்க அந்தத் தாழும் வேண்டும்.

இதனால்தான் ஒரு கண்ணில் மட்டும் பிறவிக் கண்புரை இருந்தால் ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் அறுவை செய்ய மருத்துவர்கள் அவசரப்படுகிறார்கள். மற்ற வகைகளில் சரியான கண்ணாடியும், நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடுவதும் வழக்கமான சிகிச்சை. எனக்கும் மூடினார்கள். பசையின் நெடியும், பிய்க்கும்போது புருவத்தில் எரியும் எரிச்சலும், மங்கலான பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்ததும் நினைவிருக்கிறது. பல மாதம் கழித்து மூன்றாவது வரி ஐந்தாவது வரியானது. ஒன்பது வயது தாமதம்தான், ஆனால் முற்றிலும் தாமதமில்லை. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிலும் ஒரு பகுதியினர் சிகிச்சையால் முன்னேறுகிறார்கள் என்று 2005இல் வெளியான பெரிய ஆய்வொன்றும் காட்டியது. குழந்தைக்கு நான்கு வயதாவதற்குள் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று நான் சந்திக்கும் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்வது இதனால்தான். இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை முழுவதுமாக மறைத்துவிடுகிறது, குழந்தைக்கே அது தெரியாது.

2021இல் மார்க் பேரின் குழு வெளியிட்ட முடிவு ஒன்றை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். ஒரு கண் இப்படித் தோற்றுப்போன பூனைகளையும் சுண்டெலிகளையும், ஒட்டுத்துணி பலனளிக்கும் வயதைக் கடந்த பிறகு எடுத்துக்கொண்டார்கள். நல்ல கண்ணில், பல ஆண்டுகளுக்கு முன் ஷாட்ஸும் ஸ்ட்ரைக்கரும் கருவின் மூளையில் செலுத்திய அதே டெட்ரோடோடாக்சினைச் செலுத்தி, அதன் விழித்திரையைச் சில நாள்கள் முழுமையாக அமைதியாக்கினார்கள். இமையை மூடுவது மங்கலாக்கும், இது குரலையே நிறுத்தும். போட்டிக்கு எதிராளி இல்லாத அந்தச் சில நாள்களில், பலவீனமான கண்ணின் சேதிக்குப் புறணி மறுபடியும் பதில் தரத் தொடங்கியது. நஞ்சின் வீரியம் தீர்ந்து நல்ல கண் தன் பார்வையைத் திரும்பப் பெற்ற பின்னும், பலவீனமான கண் மீட்ட இடத்தை இழக்கவில்லை.